சாப்பிடுகிறான் தானே, பிறகென்ன?

2024 பெப்ரவரி 9
தெகிவளையிலிருந்து ஒரு வாசகி:

அண்ணா, எங்கள் ஜூலி பொமரேனியன் நாய், 13 வயது. நேற்று இரவு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாள். இன்றைக்கு விடிய எழும்பப் போய் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்துவிட்டாள். தலை இடப்பக்கம் சாய்ந்தபடியே நிற்கிறது, கண் இரண்டும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கிறது, சத்தியும் எடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு அங்கிள் பாரிசவாதம் என்கிறார், இனிச் சரிவராது, நோகாமல் போய்ச் சேர ஊசி போட்டு விடுங்கோ என்கிறார். மாமா அது பாவம் என்கிறார். சாப்பிடும் வரைக்கும் ஒன்றுமில்லை, சாப்பாட்டை நிறுத்தினால் தானாகப் போய்விடும், அதுவரை பேசாமல் இருங்கோ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பெப்ரவரி 9, மத்தியானம்

இன்றைக்கு இரண்டு பேருடையதையும் கேட்காதீர்கள். நீங்கள் சொல்வது எல்லாம் வயதான நாய்களுக்குத் திடீரென்று வருகிற வெஸ்டிபுலர் நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. உள்காதிலிருந்து மூளைக்குப் போகிற, உடம்பின் சமநிலையைப் பார்க்கிற அமைப்பு குழம்பிப் போகிறது. அவளுக்கு இப்போது அறை முழுக்கச் சுற்றுகிறது, அதனால்தான் சத்தி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான நாய்கள் முதல் 72 மணித்தியாலத்துக்குள் தெளியத் தொடங்கும், இரண்டு மூன்று கிழமையில் நடந்து திரியும். தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்தபடி நின்றுவிடுவதும் உண்டு.

ஆனாலும் டொக்டரிடம் இன்றைக்கே காட்டுங்கள், ஏனென்றால் காதுக்குள் சீழ் இருந்தாலும் இதே மாதிரி வரும், அதற்கு வேறு மருந்து. கண் பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழுமாக ஆடினால், அல்லது ஆள் மந்தித்துப் போய்க் கூப்பிட்டாலும் கவனிக்காமல் இருந்தால், அது மூளையோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். சத்தியை நிறுத்த ஊசி இருக்கிறது. வீட்டில் செய்யக்கூடியது: வெளிச்சத்தைக் குறைத்து, சுற்றிவரத் தலையணை வைத்து, தண்ணீர்க் கோப்பையை வாயருகே பிடியுங்கள். தூக்கும்போது மெதுவாக, உங்கள் நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி. அந்தரத்தில் தூக்கினால் இன்னும் பயப்படுவாள்.

மாமா சொன்ன சாப்பாட்டுக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதைப் பற்றி எனக்குக் கனக்கச் சொல்ல இருக்கிறது.

பெப்ரவரி 10

ஆரோ ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார், அரைப் பனடோல் கொடுத்தால் என்ன என்று. கொடுக்க வேண்டாம். பரசிட்டமோல் அளவு மிஞ்சினால் நாயின் ஈரலையும் சிவப்பணுக்களையும் தாக்கும், பூனைக்கென்றால் ஒரு குளிசையே உயிருக்கு ஆபத்து. ஐபுபுரோபன், டைக்ளோபினக் அதைவிட மோசம், வயிற்றில் புண் வந்து இரத்தம் போகும், சிறுநீரகம் படுத்துவிடும். காலி வீதியில் எந்தப் பாமசியில் கேட்டாலும் டைக்ளோபினக் தருவார்கள், அம்மாவின் முழங்காலுக்கு வாங்கியது வீட்டிலேயே கிடக்கும், அதுதான் சிக்கல். நாய்க்கென்று கார்புரோபன், மெலோக்சிகாம் என்று தனி மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் இரத்தம் சோதித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள், ஸ்டீரொய்ட்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

பெப்ரவரி 13

ஜூலி எழுந்து நிற்கிறாளாம்! சுவரோடு சாய்ந்து சாய்ந்து குசினி வரைக்கும் போய்விட்டாளாம். அங்கிளிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது மாமாவின் விஷயம். கொழும்பில் கிழட்டு நாய் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே வசனம்தான் வரும்: "சாப்பிடுறான் தானே, பிறகென்ன?" என் அம்மாவும் இதைத்தான் சொல்கிறார். எங்கள் டைசனுக்கு 14 வயது தாண்டிவிட்டது, லாப்ரடோரும் ஊர் நாயும் கலந்த பிறவி, பாதி லாப்ரடோர் என்பது அவனுடைய வயிற்றுக்குத் தெரியும். தன் காலில் எழும்ப முடியாத அன்றைக்கும் படுத்தபடியே ஒரு முழுக் கோப்பை சோறும் கோழி ஈரலும் சாப்பிட்டான். லாப்ரடோர்களில் பலருக்கு, போதும் என்று மூளைக்குச் சொல்கிற மரபணு ஒன்றில் குறை இருக்கிறது என்று 2016 இல் கேம்பிரிட்ஜ் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் போய்ப் பசியை வைத்து உயிரின் நிலையை அளக்க முடியுமா?

நோ இருந்தாலும் நாய் சாப்பிடும். மூட்டு வாதம் பசியைத் தொடாது. புத்தி தடுமாறிய நாய் சாப்பிட்டதை மறந்து திரும்பவும் கேட்கும். ஆகவே மாமா சொன்னபடி காத்திருந்தால் சில நாய்கள் மாதக் கணக்கில் நோவோடு கிடக்கும், கோப்பை மட்டும் வெறுமையாகிக்கொண்டே இருக்கும்.

பெப்ரவரி 21

டைசனைப் பற்றிக் கேட்டீர்கள். நீளமாக எழுதப் போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போங்கள்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையில் மூன்றாம் மாடி பிளாட். அவனுடைய இடுப்பில் ஏதோ சரியில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது 2022 இல். மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது நினைவிருக்கும், லிஃப்ட் கிடையாது, படியால் இறக்கி ஏற்ற வேண்டும். இறங்கும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் தத்தினான். லிஃப்ட் ஓடிய காலமெல்லாம் அது கண்ணில் பட்டதே இல்லை.

அன்றிலிருந்து கற்றதில் ஆகப் பெரியது தரை. வழுவழுப்பான டைல்ஸ் வயதான நாய்க்கு எதிரி. எழும்பப் போய் ஒரு தடவை வழுக்கினால் அடுத்த தடவை எழும்பவே பயப்படும், படுத்தே இருந்தால் தசை வற்றும், தசை வற்றினால் இன்னும் வழுக்கும். புறக்கோட்டையில் அளவுக்கு வெட்டித் தருகிற ரப்பர் விரிப்பை வாங்கி, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கோப்பைக்கும் கதவுக்கும் ஒரு பாதை மாதிரிப் போட்டேன். அன்றைக்குப் பின்னேரமே தானாக எழுந்து பல்கனிக்குப் போனான். மருந்துக்குச் செலவழித்ததை விட இது அதிகம் உதவியது என்று சொன்னால் டொக்டர் கோபிப்பார், ஆனால் என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. நகத்தைக் குட்டையாக வெட்டுங்கள், பாதத்துக்குள் வளர்கிற மயிரையும் கத்தரியுங்கள், இரண்டும் வழுக்கும்.

தூக்கி நிறுத்த ஒரு பெரிய துவாயை வயிற்றுக்குக் கீழே, பின்னங்கால்களுக்கு முன்னால் கொடுத்து இரண்டு நுனியையும் மேலே பிடித்தால் போதும். ஆண் நாய் என்றால் துவாயைக் கொஞ்சம் முன்பின்னாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நனைந்துவிடும்.

கோப்பையைக் குட்டிக் கதிரை ஒன்றில் உயர்த்தி வையுங்கள், குனிய வேண்டியதில்லை. உடல் நிறையைக் குறையுங்கள். அம்மாவுக்கு இது பிடிக்காது, மெலிந்த நாயைப் பார்த்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்பார். இடுப்பில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

பெப்ரவரி 22

பெயரைப் பற்றிக் கேட்டவருக்கு. அவன் கொள்ளுப்பிட்டியில் ஒரு பறங்கிக் குடும்பத்தின் நாய், அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது ஒரு வயதுகூட நிரம்பாமல் எங்களிடம் வந்தான். வரும்போது அவன் பெயர் டைகர். அது 2010, புலிகளோடான போர் முடிந்த மறு வருடம். வெள்ளவத்தை ரோட்டில் நின்று தமிழ் வாயால் "டைகர், டைகர், இங்கே வா" என்று கத்த அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அன்றைக்கே டைசன் ஆனான். அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, பிஸ்கட் பெட்டியின் சத்தத்துக்குத்தான் அவன் திரும்புவான்.

மார்ச் 2

வத்தளை அக்கா ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார், சண்டை நியாயமானது. அவருடைய நாய்க்குச் சிறுநீரக நோய். சாப்பாட்டை முற்றாக நிறுத்திவிட்டதாம், வீட்டில் எல்லோரும் முடிவு வந்துவிட்டது என்று அழுதார்களாம். டொக்டர் குமட்டலை நிறுத்துகிற மருந்து கொடுத்து, தோலுக்குக் கீழே சேலைன் ஏற்ற, மூன்றாம் நாள் முட்டை சாப்பிட்டதாம். "உங்கள் கதைப்படி பசியைப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கிறார்.

ஆகவே பெப்ரவரி 13 இல் எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். பசி இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது, பசி போனால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானால் கழிவு இரத்தத்தில் தங்கிக் குமட்டும், வாயில் புண் வரும், சாப்பிட ஆசை இருந்தாலும் வாயில் வைக்க முடியாது. பல் பழுதானாலும் அப்படித்தான். கோப்பைக்குக் கிட்டப் போய் மணந்து பார்த்துவிட்டு, நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு திரும்பி வந்தால் அது குமட்டல். அதற்கு மருந்து உண்டு.

சிறுநீரகத்தைப் பற்றி இன்னொன்று. வழமையான கிரியற்றினின் என்ற இரத்தப் பரிசோதனையில் கூடுதலாகக் காட்டும்போது சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலை போய்விட்டிருக்கும் என்று சொல்வார்கள். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது தண்ணீர்க் கோப்பை. வழக்கத்தை விட அடிக்கடி நிரப்ப வேண்டி வந்தால், இரவில் வீட்டுக்குள் சிறுநீர் போகத் தொடங்கினால், பேசாமல் இருக்காமல் இரத்தமும் சிறுநீரும் சோதியுங்கள். கருவாட்டுத் தலை, நெத்தலிப் பொரியல், மீதிக் கறி எல்லாம் நிறுத்துங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். வீடு நனைகிறதே என்று தண்ணீரை ஒளித்து வைத்த ஆட்களை எனக்குத் தெரியும், அது பெரிய கொடுமை.

மார்ச் 9

இரவுகள்.

இரண்டு மணிக்கு எழும்புகிறான். ஹோலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறான், நகம் தரையில் தட்டுகிற சத்தம் கேட்கும், பிறகு நின்றுவிடும், போய்ப் பார்த்தால் ஒரு மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் வரத் தெரியவில்லை. கதவைத் திறந்தால் பிணைச்சல் இருக்கிற பக்கத்தில் போய்க் காத்திருக்கிறான். பகல் முழுக்கத் தூக்கம். இது மூளை முதுமை, மனிதருக்கு வருகிற அல்சைமரோடு நிறைய ஒத்தது. மருந்து கொடுப்பார்கள், சிலதுகளுக்குப் பிடிக்கும். எங்களுக்கு உதவியவை: ஒரு சின்ன இரவு விளக்கு, தளபாடத்தை இடம் மாற்றாதது, மூலைகளைத் தலையணையால் அடைத்தது, பகலில் வெயிலில் உட்கார வைத்து ஏதாவது ஒன்றை மணக்கக் கொடுத்தது. ஆனால் இரவு நடையை எல்லாம் புத்திக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். நோவாலும் நடக்கும், சிறுநீர் முட்டினாலும் நடக்கும், மூச்சு முட்டினாலும் படுக்க முடியாமல் நடக்கும்.

மூச்சை எண்ணிப் பழகுங்கள். நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு தரம். ஒரு நிமிடத்துக்கு 30 ஐத் தாண்டினால், திரும்ப எண்ணியும் அப்படியே இருந்தால், இதயம் சரியில்லாமல் நுரையீரலில் நீர் கட்டியிருக்கலாம். உடனே காட்ட வேண்டும். மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், டொக்டருக்கு அது பெரிய உதவி.

அம்மாதான் பாதி இரவு அவனோடு இருக்கிறார். எப்படியும் தனக்கு நித்திரை வருவதில்லையாம்.

மார்ச் 10

ஓட்டோ பற்றி. ஆப்பில் கூப்பிட்டால் நாயைக் கண்டதும் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒழுங்கை முனையில் நிற்கிற, தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், பழைய பெட்சீட் ஒன்றை நீங்களே விரியுங்கள், கொஞ்சம் கூடக் கொடுங்கள். நடுச்சாமத்தில் மூச்சு முட்டும்போது ஆள் தேட முடியாது. இரவில் திறந்திருக்கிற கிளினிக் எது என்பதையும் இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

ஏப்ரல் 3

வெக்கை தாங்க முடியவில்லை, மனிதருக்கே இப்படி என்றால்.

நாய் வியர்க்கிறது பாதத்தில் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் நாக்கால் மூச்சுவிட்டுத்தான் சூட்டை இறக்க வேண்டும், காற்றில் ஈரம் நிறைந்த கொழும்பில் அது சரியாக வேலை செய்யாது. வயதான லாப்ரடோர்களுக்குக் குரல்வளை நரம்பு தளர்ந்து மூச்சுப் பாதை சரியாகத் திறக்காத ஒரு நோயும் வரும், குரைப்பு கரகரத்து மாறும், மூச்சு இழுக்கும்போது சத்தம் வரும். அப்படியானவர்களை மத்தியானம் வெளியே கொண்டுபோகவே கூடாது. மின்விசிறி, ஈரத்துவாய், பாதத்தையும் வயிற்றையும் நனைப்பது. ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும்.

அடுத்தது அருவருப்பான விஷயம், சாப்பிட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள். படுக்கையாகிவிட்ட நாய்க்கு இந்த ஊரில் முதல் ஆபத்து ஈ. பின்பக்கம் ஈரமாக, அழுக்காக இருந்தால் முட்டை போடும், ஒரு நாளுக்குள் புழு. வெளியே சின்ன ஓட்டை மாதிரித் தெரியும், உள்ளே குடைந்திருக்கும். வாலடி மயிரைக் கட்டையாக வெட்டுங்கள், நனைந்தவுடன் கழுவித் துடைத்துக் காய வையுங்கள், வெளியில் படுக்க வைக்காதீர்கள், ஒரு பழைய நுளம்பு வலை போதும். புழுவுக்குக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துப் பூசச் சொல்வார்கள், டேர்பென்டைன் ஊற்றச் சொல்வார்கள். கற்பூரம் தோலால் உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரும், டேர்பென்டைன் சதையை எரிக்கும். கிளினிக்கில் பிடுங்கிச் சுத்தம் செய்து தருவார்கள்.

படுக்கைப் புண்ணுக்கு: சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், முழங்கையும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், தடித்த பஞ்சு மெத்தைக்கு மேல் நனையாத விரிப்பு. குழந்தைகளின் டயப்பரில் வாலுக்கு ஓட்டை வெட்டிப் போடலாம், முதுகுப் பக்கம் முன்னாலும் முன்பக்கம் பின்னாலுமாகத் திருப்பிக் கட்டினால் நிற்கும். பாமசிப் பெடியன் எந்த வயதுப் பிள்ளைக்கு என்று கேட்டான். பதினாலு என்றேன். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு வாழ்த்துகள். போன வருடம் வரைக்கும் வெடிச் சத்தத்துக்குக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு நடுங்குகிற ஆள், நேற்று இரவு ஒழுங்கை முழுக்க வெடித்தபோதும் குறட்டை விட்டான். காது போய்விட்டது. அவனுக்கு வாய்த்த முதல் நிம்மதியான வருடப்பிறப்பு.

பாற்சோறு கேட்டான். ஒரு கரண்டி கொடுத்தோம்.

ஏப்ரல் 18

தெகிவளைத் தங்கச்சி ஒரு அட்டவணை அனுப்பியிருக்கிறார். அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர், புற்றுநோய்ப் பிரிவுக்காரர், 2004 இல் வெளியிட்டது. நோ, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும், மொத்தம் 35 க்கு மேலே இருந்தால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. நோ என்பதற்குள் மூச்சும் அடக்கம், மூச்சுவிடக் கஷ்டப்படுவதுதான் எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது என்று அவர் வைத்திருக்கிறார், அது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவையும் என்னையும் தனித்தனியாகப் போடச் சொன்னேன். அம்மா சந்தோஷத்துக்கு 9 போட்டார். நான் 4. ஏன் 9 என்று கேட்டால், "நான் கிட்டப் போனால் வாலை ஆட்டுறான்" என்றார். ஏன் 4 என்று என்னைக் கேட்டார். முந்தி ஆறு மணி ரயில் கடற்கரையால் போகும்போது பல்கனியில் நின்று குரைத்துத் துரத்துவான், இப்போது ரயில் போனதே தெரியவில்லை என்றேன். காது போனதற்கு மார்க் குறைப்பதா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அட்டவணையோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பசி, நீர்ச்சத்து இரண்டுக்கும் டைசனுக்கு முழு மார்க், அதாலேயே 20. சுத்தத்துக்கு நாங்கள் கழுவுகிறபடியால் 7, அது அவனுடைய மார்க்கா எங்களுடையதா? இந்தக் கூட்டலில் நோவுக்குப் போட்ட 3 தொலைந்துவிடுகிறது. மொத்தத்தை விடுங்கள். ஆகக் குறைந்த இரண்டு எண்களைப் பாருங்கள், அவை கிழமைக்குக் கிழமை எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் தனித்தனியாகப் போடுங்கள், எங்கே எண்கள் விலகி நிற்கின்றனவோ அங்கேதான் கதைக்க வேண்டியது இருக்கிறது.

ஏப்ரல் 20

பாவமா என்ற கேள்வி. இதை எழுத நான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் ஊசி போட்டு அனுப்புவது லேசான பேச்சு அல்ல. கீழ் மாடிச் சிங்கள அன்ரி டைசனுக்குப் பிரித் நூல் (பௌத்தர்கள் ஓதிக் கட்டுகிற காப்பு நூல்) கட்டிவிட்டவர், அம்மா அதற்கு மேலே திருநீறு பூசுவார். அன்ரி சொல்வது, அதன் கர்மாவை அது அனுபவித்து முடிக்கட்டும், நடுவில் வெட்டினால் மீதியை வேறெங்கோ அனுபவிக்கும், பவ், அதாவது பாவம், என்று. அம்மாவும் பைரவர் வாகனத்தில் கை வைப்பதா என்கிறார். நாங்கள் முதலில் பேசிய டொக்டர் ஒருவர், தான் அதைச் செய்வதில்லை, நோவுக்கு மருந்து தருகிறேன், கடைசி வரை வந்து பார்க்கிறேன் என்று நேராகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் உங்கள் டொக்டர் எந்தப் பக்கம் என்பதை நாய் நடந்து திரிகிற காலத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கடைசி இரவில் தெரிய வந்தால் கஷ்டம்.

"தானாகப் போகட்டும்" என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தானாக என்றால் எப்படி? ரோட்டு நாய் என்றால் சாப்பிட முடியாமல் போன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மழையில் கிடந்து போயிருக்கும். இவனைக் குளிசை, சேலைன், டயப்பர், மின்விசிறி என்று பிடித்து வைத்திருப்பதும் நாங்கள்தான். இத்தனையிலும் கை வைத்துவிட்டுக் கடைசி ஒன்றில் மட்டும் கை வைக்க மாட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊசியே வேண்டாம் என்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அவர்கள் நோ மருந்தை ஒழுங்காக, நேரத்துக்கு, போதிய அளவில் கொடுக்க வேண்டும், அதற்காக டொக்டரை நெருக்க வேண்டும். பாவத்துக்குப் பயந்து நோவோடு விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏப்ரல் 27

முடிந்தது. நேற்றுப் பின்னேரம், வீட்டில்.

முடிவெடுத்தது அம்மா. முந்தின இரவு பக்கம் மாற்றும்போது கத்தினான், அதுவரை அவன் கத்தியதில்லை. விடிய அம்மா கையால் கோழியும் சோறும் ஊட்டினார், எல்லாம் சாப்பிட்டான். ஊட்டி முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இது என்ன சீவியம் தம்பி, டொக்டரைக் கூப்பிடு" என்றார்.

எங்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதால் பயப்படாமல் இருந்தோம், அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் ஒரு மயக்க ஊசி, சில நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கிவிடும். அதன் பிறகு முன்னங்கால் நரம்பில் அடுத்தது, மயக்க மருந்தேதான், மிகப் பெரிய அளவில். மூச்சு முதலில் நிற்கும், இதயம் சற்றுப் பிந்தி. கண் மூடாது, நீங்கள் மூடினாலும் திறக்கும். எல்லாம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு தரம் மூச்சு இழுப்பது போல வரும், தசை துடிக்கும், சிறுநீர் போகும். அதெல்லாம் உயிர் திரும்புவதல்ல, நோவும் அல்ல. கீழே ஒரு டயப்பரோ துவாயோ விரித்து வையுங்கள். காசுக் கொடுக்கல் வாங்கலை முன்னதாகவே முடித்துவிடுங்கள், பிறகு பணப்பையைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

கீழ் மாடி அன்ரி வந்திருந்தார். பவ் என்று ஒரு சொல் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டது அவர்தான்.

ஏப்ரல் 29

எங்கே புதைத்தீர்கள் என்று பலர் கேட்கிறீர்கள், பிளாட்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கவலை. மாமி ஒருவருக்கு ஜா-எலவில் வளவு இருக்கிறது, வானில் கொண்டுபோனோம். இதையும் முன்னதாகக் கேட்டு வையுங்கள். இந்தச் சூட்டில் அதிக நேரம் வைத்திருக்க முடியாது, சில மணித்தியாலத்துக்குள் செய்ய வேண்டும்.

ஊசி போட்ட உடம்பென்றால் இன்னொரு கவனம். இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துகிற பென்ரோபாபிற்றல் உடம்புக்குள்ளேயே நெடுநாள் கிடக்கும். நாயோ உடும்போ தோண்டித் தின்றால் அதுவும் மயங்கிச் சாகும். ஆழமாகத் தோண்டுங்கள், மேலே கல் அடுக்குங்கள், கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம். பொலித்தீனில் சுற்றாமல் பழைய சாரத்தில் சுற்றுங்கள். செத்த உடம்பிலிருக்கும் மருந்து என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் பெரிய உதாரணம் இருக்கிறது, மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோபினக்கால் பிணந்தின்னிக் கழுகுகள் அழியப் போய், 2006 இல் மாடுகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பெப்ரவரியில் நான் திட்டிய அதே மருந்து.

மே 6

வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறது, இறந்ததைக் காட்டலாமா என்று கேட்கிறார் கிருலப்பனைக்காரர் ஒருவர். காட்டலாம், கிட்ட விட்டு மணக்க விடலாம். சிலது மணந்துவிட்டுப் போய்ப் படுத்துவிடும், சிலது சில நாளுக்குத் தேடும், சாப்பாடு குறையும். சாப்பாட்டு நேரத்தையும் நடையையும் மாற்றாதீர்கள்.

அம்மா எப்படி என்று கேட்டவர்களுக்கு: இரண்டு மணிக்கு இன்னும் எழும்புகிறார். இன்னொன்று வேண்டாம் என்கிறார், கீழே பூனைக்குப் பால் வைக்கிறார், பூனைக்குப் பால் நல்லதில்லை என்று நான் சொன்னால் கேட்பதில்லை.

மே 11

மிஞ்சிய குளிசைகளைத் தர முடியுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற மருந்தின் விலை எனக்கும் தெரியும், ஆனால் நேராகத் தர மாட்டேன். டைசனின் நிறை வேறு, உங்கள் நாயின் சிறுநீரகம் எந்த நிலையில் என்று எனக்குத் தெரியாது. திறக்காத அட்டைகளைக் கிளினிக்கில் கொடுத்துவிட்டேன், வசதியில்லாதவர்களுக்கு டொக்டர் பார்த்துக் கொடுப்பார், அவரிடம் கேளுங்கள்.

கபபென்ரின் என்ற நோ மருந்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. குளிசை விழுங்க மறுக்கிறது என்று மனிதருக்கான சிரப்பை வாங்காதீர்கள், அதில் பலவற்றில் இனிப்புக்குச் சைலிற்றோல் போட்டிருக்கும், அது நாய்க்கு நஞ்சு. கப்சூலை உடைத்து ஈரலோடு பிசைந்து கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கசக்கும், அதனால் ஈரலைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.